இருபத்துநான்கு குழித் தட்டு

வெண்ணெய் இளகட்டும் என்று காத்திருக்கும் வேலை
இந்த ஊரில் இல்லை.
புக்கிட் பாஞ்சாங், பதினோராம் மாடி;
உறையைப் பிரிப்பதற்குள் சொன்னபடி கேட்கத் தொடங்கிவிடும்.
சீனி போட்டு அடித்தேன். முட்டை இரண்டு.
வெனிலாவில் மதுசாரம் இல்லைதானே என்று
செரீன் கோ இரண்டு தடவை கேட்டிருந்தாள்.
இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

சுண்டைக்காய்க்குப் பெரிதாக,
நெல்லிக்காய்க்குச் சற்றுச் சிறிதாக உருட்டி
குழிக்கு ஒன்று.
ஒன்பது நிமிடம். பத்தானால் விளிம்பு கறுக்கும்.

வெளியே வரும்போது அவை கிண்ணங்களே அல்ல,
கோபித்துக்கொண்ட கன்னங்கள்.
இருமல் மருந்தோடு வந்த அளவுக் குப்பியின் அடியால்
ஒவ்வொன்றையும் நடுவில் அழுத்தவேண்டும்.
ஆறிப்போனால் விரிசல்.
அவசரப்பட்டால் குப்பியோடு பெயர்ந்து வரும்.
தொழில் தொடங்கிய முதல் மாதம்
உடைந்ததைத்தான் இரவுச் சாப்பாட்டுக்குத் தின்றோம்.

அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்து. நாற்பத்தெட்டுப் பேர்.
அடியில் அன்னாசி ஜாம், மேலே பாண்டான் கிரீம்,
அதன்மேல் சிவப்பு ஐசிங்கில்
ஆளுக்கு ஓர் ஆங்கில எழுத்து, ஒரு வெள்ளி மணி.
ஒரு வாய்க்குள் போகும் பண்டத்தில்
முழுப்பெயர் எங்கே எழுதுவது?
பெனடிக்டுக்கு பி. வெய் லிங்குக்கு டபிள்யூ.
ஜே மட்டும் நான்கு; எது யாருடையது என்பது
அவர்கள் பாடு.

டிசம்பர் மழையில் ஐசிங் காயாது.
வீட்டில் ஏர்கான் இருப்பது படுக்கையறையில்.
துவாஸில் இரவு வேலை முடித்துவந்த செங்குட்டுவன்
பட்டப்பகலில் போர்வைக்குள் குறட்டைவிட,
அலங்கார மேசையில், சன்னல் திட்டில்,
இஸ்திரிப் பலகையில்கூட
நாற்பத்தெட்டுப் பேர் சத்தமில்லாமல் உலர்ந்தார்கள்.
அவன் முழங்கையில் எப்படியோ ஒரு வெள்ளி மணி.

மூன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது:
நாற்பத்தைந்து போதும்.
ஜாஸ்மின், கதிரேசன், ரோஸ்னா வேண்டாம்.
காசு முழுசாகத் தந்துவிடுகிறோம்.
கடைசியில் ஒரு கூப்பிய கை.

வேண்டாம் என்றால்
அவர்களால் வரமுடியவில்லையா, வரக்கூடாதா,
நாளை முதல் அந்த மேசைகளில் ஆளே இல்லையா?
கேட்க விரலெடுத்தேன், வைத்துவிட்டேன்.
பலகாரக்காரி கேட்கலாமா இதையெல்லாம்?

எடுத்துவிடலாம் என்றுதான் உள்ளே போனேன்.
நான்கு ஜேக்களில் ஜாஸ்மின் எது?
வால் கோணியதா, மணி சரிந்ததா?
கே மூன்று. மூன்றும் ஒரே அச்சு.
ஆர் மட்டும் ஒன்றே ஒன்று
இஸ்திரிப் பலகையின் ஓரத்தில்,
தன் பெயர் சொல்லப்பட்டது போல.

குட்டுவன் கண்விழித்து விஷயம் கேட்டான்.
"அப்ப நாமளே சாப்பிட்டுடலாம்" என்று கைநீட்டினான்.
ஆர் வரை போன கை நின்றது.
எழுந்து தேநீர் போடப் போய்விட்டான்.

பெட்டி நான்கு. பெட்டிக்குப் பன்னிரண்டு.
எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டினேன்.
கீழ்த்தளத்தில் டெலிவரிப் பையன்
குடையைத் தனக்குப் பிடிக்காமல் பெட்டிக்குப் பிடித்தான்.

மறுநாள் கேட்டாள் செரீன்:
மூன்று அதிகமாக இருந்ததே?
என் தட்டில் இருபத்துநான்கு குழி,
அதில் இரண்டு தட்டு சுட்டேன் என்று எழுதினேன்.
இரண்டு குறியும் நீலமாயின.
வெகுநேரம் 'எழுதுகிறார்' என்று காட்டியது.
பிறகு காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பிறந்தநாள்.
டைனோசர் வேண்டுமாம், பச்சையில், முப்பத்தாறு.
ஒன்றரைத் தட்டு.
மாவு வைக்காத பன்னிரண்டு குழிகளிலும்
தண்ணீர் ஊற்றி வைக்கவேண்டும்.
வெறுமையாக விட்டால்
சூட்டில் தட்டு கோணிக்கொள்ளும்.