குண்டு நீர்நாய்

அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில்
வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு
அப்பளமாவுபோல் இளகும்.
ஈரம் ஒற்றி, முழங்கையில் சூடு பார்த்து
தூங்கும் முகத்தின்மேல் போர்த்துவேன்.
மூக்கு, புருவம், மோவாய்
ஒவ்வொன்றாக மேலே வரும்.
பத்து நிமிடத்தில் இறுகிவிடும்.
பெர்கன் மருத்துவமனைக் கீழ்த்தளத்தில்,
மழை கேட்காத அறையில்,
எனக்கு இதுதான் வேலை.

சுன்னீவாவுக்கு நாலு வயது.
சிறுமூளையை ஒட்டி வளர்ந்ததை
வெட்டி எடுத்தாயிற்று.
கத்தி போகக்கூடாத இடத்தில்
நகப்பிறை அளவு மிச்சம்.
அதற்குத்தான் கீமோ,
அதற்குத்தான் முப்பது நாள் புரோட்டான் கற்றை,
அதற்குத்தான் மில்லிமீட்டர்கூட அசையாத தலை.

"அரிய வகை" என்றாராம் டாக்டர்.
படகு மெக்கானிக் ஐவிண்ட், அவள் அப்பா,
என்னிடம் வந்து கேட்டார்:
"எங்கள் தீவில் அரியது என்றால் வெயில்.
அடித்தால் கடையைப் பூட்டிவிட்டு
வெளியே போய் நிற்போம்.
இதற்கும் அதே சொல்லா?"
நான் குனிந்து
தலையணையின் உயரத்தைக் குறித்துக்கொண்டேன்.

முகமூடியில் என்ன வரையட்டும்?
புலி கேட்பார்கள், இளவரசி கேட்பார்கள்.
இவள் நீர்நாய் கேட்டாள்.
"மீசை மட்டும் போடு.
மிச்சமெல்லாம் நான்தானே."

மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.
அவள் பட்டினி என்றால் அவரும் பட்டினி.
பையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும்
எழுந்தபின் இரண்டு பேருக்கு.
நெஞ்சுக்குழாயில் வெள்ளை மருந்து ஏறும்போது
"பால் வருது" என்று சொல்ல ஆரம்பிப்பாள்.
ஒருநாளும் அந்த வாக்கியத்தை முடித்ததில்லை.
பிறகு மேசையோடு பூட்டும் சத்தம்,
க்ளிக், க்ளிக்,
எல்லோரும் வெளியே,
கனத்த கதவு,
திரையில் மீசை வைத்த ஒரு சின்ன முகம்.

பதினோராம் நாள்
பூட்டு விழவில்லை.
ஸ்டீராய்டு கன்னங்களை ஊதியிருந்தது.
அழுத்திப் பார்த்த நர்ஸ் கையை எடுத்துவிட்டாள்.
மறுபடி வெந்நீர், மறுபடி தகடு.
எழுந்ததும் புதியதைப் பார்த்து
"இது யாரு?" என்றாள்.
"அதே நீர்நாய்தான். குண்டாகிவிட்டது."
"மீன் தின்னுத் தின்னு," என்றாள்
வாய் நிறைய வாஃபிளோடு.

முப்பதாம் நாள்
குண்டு நீர்நாயை மாட்டிக்கொண்டு
நடைவழியெல்லாம் சுவரைப் பிடித்தபடி நடந்தாள்.
இடது கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை.

கார்வரை போன ஐவிண்ட்
தனியாகத் திரும்பி வந்தார்.
"முதலாவது... எறிந்திருப்பீர்கள்."
எறிவதுதான் விதி.
மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
உட்பக்கம் விரல்விட்டு
கன்னம் இருந்த குழியைத் தடவினார்,
ஜனவரியின் கன்னம்.
கோட்டுக்குள் வைத்துப் பொத்தானிட்டு
மழைக்குள் போனார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்.
முடிவுகள் என் தளத்துக்கு வருவதில்லை.
நானும் மேலே போய்க் கேட்பதில்லை.

போன செவ்வாய் வெயிலடித்தது.
அறையைப் பூட்டிவிட்டு
வெளியே போய் நின்றேன்.