டிகிரிக் குறி

அதிகாலை இரண்டு இருபது.
பாண்டான் லூப்பிலிருந்து லியாங் பின் அனுப்பிய செய்தி
தலையணைக்கடியில் அதிர்கிறது:
எக்செல் மேக்ரோ ஓடுகிறது, ஆனால் வரிசை எதுவும் இல்லை என்கிறது.
இறால் எண்ணூறு பெட்டி. லாரிக்காரர் கோபத்தில் இருக்கிறார்.

என் கணினியில் ஓடுகிறதே என்று பதில் அடித்தேன்.
அனுப்பிய பிறகு
எனக்கே அந்த வாக்கியம் பிடிக்கவில்லை.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து டாக்சி, இருபத்திரண்டு வெள்ளி,
நள்ளிரவுக் கட்டணம் சேர்த்து.
குளிர்கிடங்கு வாசலின் பிளாஸ்டிக் திரைகள்
தோளில் அறைந்துவிட்டு உள்ளே விட்டன.

அவன் மடிக்கணினி ஹார்பினிலிருந்து அவனோடு வந்தது.
சன்னல்கள், எச்சரிக்கைகள், எல்லாம் சீனம்.
நிரலைத் திறந்தேன்.
தலைப்பில் °C இருந்தால் அந்த நெடுவரிசையைப் படி
என்று நான் எழுதியிருந்த இடத்தில்
ஒற்றை எழுத்து உட்கார்ந்திருந்தது: 癈

இது என்ன?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
"பழைய எழுத்து. இப்போது யாரும் எழுதுவதில்லை.
ஊனம், தீராத நோய், அந்த மாதிரி."
பிறகு மெதுவாக,
"அப்படியென்றால் நம் கிடங்கு
பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு ஊனம்."
சிரிக்க நேரமில்லை. சிரித்தோம்.

நான் வைத்தது இரண்டு பைட்டுகள்:
ஒரு சின்ன வளையம், ஒரு C.
என் கணினி அவற்றைத் தனித்தனியே எண்ணும்.
அவனுடையது வளையத்தின் பைட்டைக் கண்டதும்
பக்கத்திலிருப்பதையும் கையைப் பிடித்து இழுத்து
ஒரே எழுத்தாக வாசிக்கும். அதன் பழக்கம் அப்படி.
பைட்டுகள் இடம் மாறவில்லை, ஒன்றும் தொலையவில்லை,
வாசித்த கண்தான் வேறு.

அழித்துவிட்டு எண்ணைப் போட்டேன்.
நூற்று எழுபத்தாறாம் எழுத்தைக் கொண்டு வா, அதோடு C-ஐ ஒட்டு.
எந்த ஊர்க் கணினிக்கும் 176 என்றால் 176.
எண்ணூறு பெட்டியும் வந்து வரிசையில் நின்றன.
லாரி போயிற்று.

அவன் கோப்பி ஓ வாங்கப் போனான்.
நான் நிரலின் கடைசி வரிக்கு இறங்கினேன்.
தயாரித்தவர் பெயருக்கு நேரே:
??????

இது அவன் கணினி செய்ததல்ல.
நான்கு வருடம் முன்பு, என் மேசையில்,
நான் தட்டத் தட்டவே இப்படித்தான் விழுந்தது.
அந்தப் பழைய பெட்டிக்குள் சீனத்துக்கு ஓர் அட்டவணை உண்டு,
கிரேக்கத்துக்கு உண்டு, தாய்லாந்துக்காரர்களுக்கு உண்டு.
தமிழுக்கு யாரும் போட்டு வைக்கவில்லை.
பேர்தானே, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

தவமலர். ஐந்து எழுத்து.
கேள்விக்குறி ஆறு.
இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.
'ர்' தலையிலிருந்த புள்ளியைத்
தனியாக இறக்கி நிறுத்திக் கேட்டிருக்கிறது, நீ யார் என்று.

தவறாக வாசித்ததைத் திருப்பி வாசித்துவிடலாம்.
அந்தச் சீன எழுத்துக்குள் என் வளையம் பத்திரமாக இருந்தது.
கேள்விக்குறிக்குள் ஒன்றுமே இல்லை.
எந்தக் கணினியில் திறந்தாலும் அது கேள்விக்குறிதான்.
அங்கே இருந்தது இன்னார் என்று சொல்ல
என்னை விட்டால் ஆளில்லை.

2980, 2997, 2990, 2994, 2992, 3021.

கடைசி எண் புள்ளிக்கு.
அதை மட்டும் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

கயிறு கட்டிய கோப்பிப் பைகள் இரண்டு விரலில் தொங்க
அவன் வந்து திரையைப் பார்த்தான்.
அறிக்கையின் அடியில், அவனுடைய சீனச் சன்னலுக்குள்,
என் பெயர்.

"இது உடைந்திருக்கிறதா, சரியாக இருக்கிறதா?
எனக்குத் தெரியவில்லையே."

சரியாக இருக்கிறது என்றேன்.
நம்பினான்.