கறுப்பு மை, ஒரு போத்தல்

ஸ்ரான்லி வீதியில் கணுக்கால் தண்ணி.
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
தவராசசிங்கத்தாரின் கடைக்குள் ஏறுகிறேன்.
நிப்புக்குத் தோதான மை
எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவரிடம்தான்.
மாநகரசபைக் கதிரை கிடைத்த பிறகும்
பின்னேரங்களில் கல்லாவில் அவரே நிற்பார்.

கடைக்குள்ளும் தண்ணி.
சாரத்தை மடித்துக் கட்டி, ஏணியில் நின்று
கொப்பிக் கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றுகிறார்.
‘என்ன பிள்ளை வேணும்?’
கேள்வி கூரைப்பக்கமிருந்து வருகிறது.

டூ-பி பென்சில் இரண்டு.
எச்-பி எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டுத்தான் கீறும்,
எனக்கு முதலில் கொஞ்சம் தயங்கவேணும்.
வழுவழுப்பான மட்டை நாலு.
சொரசொரத்த தாளில் நிப் தடக்கினால்
மை தும்மிவிடும், முகத்திலேயே.
கறுப்பு மை, ஒரு போத்தல்.
வெள்ளை வேண்டாம்,
போன மாதத்துப் பிழைகள் போக அடியில் கிடக்கிறது.
நிப் மூன்று. ஒவ்வொன்றாய்ப்
பெருவிரல் நகத்தில் அழுத்திப் பார்க்கிறேன்:
கால் விரியவேணும்,
விட்ட உடனே கூடவும் வேணும்.

‘இந்தக் கிழமை ஆற்றை தலை?’
‘இன்னும் முடிவில்லை’ என்கிறேன்,
அவர் காது மூக்கின் எந்த மட்டத்தில் தொடங்குகிறதென்று
கண்ணால் அளந்தபடி.

மிச்சக் காசோடு ஒரு அடிமட்டம் நீட்டுகிறார்.
‘இது சும்மா. எலெக்சனுக்கு அடிச்சது, மிஞ்சிக் கிடக்கு.’
மஞ்சள் பிளாஸ்டிக்கில் அவர் பெயர்.
பதினைந்தாம் சென்ரிமீற்றரில் தொடங்கி
‘வாய்க்கால் எங்கள் வாக்குறுதி’.

இரவு கரண்ட் போய்விட்டது.
போன் வெளிச்சத்தில் கீறினேன்.
மூக்கு லேசாய் வந்தது,
வயிறு தன்பாட்டில் வந்தது,
ஏணிக்கு ஐந்து படி.

தண்ணிதான் பாடு.
வெறுங்கையால் இழுத்தால் அலையடித்துக் கடலாகிறது.
வீதியில் தேங்கினது அசையாது.
அடிமட்டத்தை வைத்தேன்.
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுவை.
அவர் பெயருக்கு அடியில் மை ஊறி
கோட்டில் ஒரு திரள் நின்றது.
துடைக்கவில்லை. வார் இரண்டு போட்டு
மிதக்கும் செருப்பாக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் அவர் கடையிலும் விற்கும்.
பத்து மணிக்குப் போன் அடித்தது.
மூக்கைப் பற்றி ஒன்றும் இல்லை.
வயிற்றைப் பற்றியும்.
‘பிள்ளை, என்ர ஏணிக்கு ரெண்டாம் படி இல்லை.
கவனிக்கேல்லையோ?’

கவனிக்கவில்லை.
அன்று முழுக்க அதுதான் குத்திக்கொண்டிருந்தது.

வெள்ளை மை வாங்கப் போகவேணும்.
விலையைக் கூட்டித்தான் சொல்லுவார்.
சொல்லட்டும்,
மேல்தட்டில் இருந்தால் நல்லது.