இரண்டு குசினி

மூன்று ஸ்பீக்கர்.
பெட்டி உடைத்த அன்றே பெயர் வைத்தாய்:
ஹோல், அறை, குசினி.
குசினிக்காரி மட்டும்
அரை நொடி பிந்தித்தான் பாடுவாள்.
வெங்காயம் அரிந்தபடி
ஒரே வரியை இரண்டு தரம் கேட்பேன்.
"வைஃபை எட்டேல்லை" என்று
ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு
வெள்ளவத்தை பிளாட் முழுக்க நடந்தாய்
சாமி காவுகிற மாதிரி.
கடைசியில் அது
ஃபிரிட்ஜின் தலையில் குடியேறியது.

நீ போய் ஏழு மாதம்.
ரவுட்டர் அங்கேயே இருக்கிறது.

நேற்று விடியப்புறம் நாலரைக்கு
குசினியில் ஆள் சத்தம்.
கையில் கிடைத்த குடையோடு போனேன்.
கள்ளன் இல்லை,
கல்யாணி. நாதஸ்வரத்தில்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.
ரொறொன்ரோவில் பின்னேரம் ஆறு மணி,
நீ உலை வைக்கிற நேரம்.
அங்கும் ஒன்று வாங்கியிருக்கிறாய்,
அதற்கும் குசினி என்றே பெயர்.
விரல் பழையதைத் தொட்டிருக்கிறது.

ஒன்றும் கேட்கவில்லையே என்று
சத்தத்தைக் கூட்டினாய்.
இன்னும் கூட்டினாய்.
மேல்மாடி பெரேரா மிஸ்
தும்புத்தடியால் நிலத்தில் இடித்தா.

சட்டென்று நின்றது.
விளங்கிவிட்டது உனக்கு.

வயரைப் பிடுங்கப் போன கை
ஸ்விட்சில் கிடந்தது.
கடற்கரைப் பாதையில் முதல் ரயில் போனது,
கண்ணாடி அலுமாரி அதிர்ந்து அடங்கியது.

அதன்பின், மிக மெதுவாய்,
நித்திரை குழம்பாத அளவில்,
விட்ட இடத்திலிருந்து அதே கல்யாணி.
இம்முறை ஹோலிலும்.
அறையிலும்.
குசினியில் மட்டும்
அரை நொடி பிந்தி.