ஐந்துக்கு எத்தனை

கண்காட்சி எப்படி, ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று
கோல் எடுத்துக் கேட்கிறாய் பிள்ளை.
சொல்கிறேன், எழுதிக்கொள்.

நோட்டீசில் சிவப்புக் கார்.
அக்கரைப்பற்று பஸ் நிலையத்துச் சுவரில்
ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தான் உன் கம்பனி.
அதை நம்பித்தான் பெரும்போகக் காசு கைக்கு வந்ததும்
விடியக்காலம் பஸ் ஏறினோம்,
நானும் வதனமலரும்.
மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நின்றதோ
வெள்ளை. ஒன்றே ஒன்று.
மற்றதெல்லாம் பலூன்.

வெயிலுக்கும் கம்பனிதான் பொறுப்பு.
வாவிப் பக்கம் கூடாரத்தை மூடிக் கட்டி
காற்றை வெளியில் நிறுத்திவைத்தது யார்?
தந்த சர்பத்தில் ஐஸ் இல்லை.
தந்த தொப்பி என் தலைக்குச் சிறிசு.

இருநூறு ஏக்கருக்கு வட்டை விதானை நான்.
நான் சொன்னால்தான் வாய்க்கால் கதவு திறக்கும்.
உங்கள் கார்க் கதவு திறக்க
டிலுக்ஷன் என்ற பொடியனிடம் டோக்கன் எடுத்து
நிற்கவேண்டி இருந்தது, நாற்பத்தேழாம் நம்பர்.

சரி, இதெல்லாம் சில்லறை.

"கல்லடிப் பாலம்வரை ஓடிப் பார்க்கலாம் ஐயா,
லைசன்ஸ் இருக்கா?" என்றான் பொடியன்.
மோட்டார் சைக்கிள் லைசன்ஸை நீட்டினேன்.
இது சரிவராது என்றான்.
என் தோளுக்கு மேலால் ஒரு கை வந்தது.
கையில் ஒரு அட்டை.
அட்டையில் வதனமலர், சிரிக்காமல்.

எப்ப எடுத்தாய்?
"நீங்க வெள்ளாமை வெட்டுக்கு வட்டைக்குள்ள நிண்ட கிழமை.
அம்பாறைக்கு ரெண்டு தரம் போன நான்."
எங்க பழகினாய்?
"குவைத்தில. மூண்டு வருஷம் அந்த வீட்டுப் பிள்ளையள
ஸ்கூலுக்கு ஏத்தி இறக்கினது ஆரெண்டு நினைச்சீங்க?"

நான் நினைக்கவில்லை.
அந்த மூன்று வருஷத்தில்
காசு வந்த திகதிகள் மட்டும் எனக்குப் பாடம்.

இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.
முன்னால் ஸ்டியரிங் இல்லை.
பார்த்தாயா என்று எனக்குள் சின்னதாய் ஒரு சந்தோசம்.
அதை எழுதாதே பிள்ளை.
"அங்க இந்தப் பக்கம்" என்று தானே சிரித்து
இறங்கிச் சுற்றிவந்து
வலப்பக்கம் ஏறி, சீட்டை முன்னுக்கு இழுத்து,
கண்ணாடியைத் தன் கண்ணளவுக்குத் திருத்தினாள்.
கண்ணாடிக்குள் நான்,
பின்சீட்டில், மடியில் தொப்பியோடு.

கார் சத்தமே போடவில்லை.
அதுவும் குற்றம்தான்.
சத்தம் போடாத காருக்குள்
ஒரு மனிசன் எதற்கு மேலால் கதைப்பது?
பாலத்தில் காற்று ஏறியது.
எதிரே லொறி ஒன்று ஹோன் அடித்து வந்தது.
நான் முன்சீட்டை இறுக்கிப் பிடித்தேன்.
அவள் ஒரு விரலைக்கூட இறுக்கவில்லை.

விலையைக் கேட்டதும் அவள்தான்.
பொடியன் சொன்னான்.
இன்னும் எட்டுப் பெரும்போகம் வேண்டும்,
எட்டும் விளைந்தால்.

திரும்பி வர பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்தேன்.
களுவாஞ்சிகுடி தாண்டும்வரை கதையில்லை.
பிறகு, "கம்பனிக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றேன்.
"ஓம்" என்றாள்,
செருப்பைக் கழற்றிவிட்டு
வலது கால் பெருவிரலால்
பஸ்ஸின் தகரத் தட்டை மெல்ல மிதித்து, விட்டு,
மெல்ல மிதித்தபடி.

ஆகவே, ஐந்துக்கு ஒன்று போடு.

என்ன?
ஓட்டிப் பார்த்தவவிடம்தான் கேட்கவேண்டுமா?

பொறு.
கூப்பிடுகிறேன்.