நாலு நிமிடம்

நான் கை தூக்கியது காலணி விலை கேட்க.
மார்ச் மாதம், தண்டர் பே, தேவாலயத்தின் கீழ்த்தளம்,
வெளியே இடுப்பளவு பனி.
"அப்பாடா, ஒருத்தர் கிடைச்சாங்க" என்றாள் பதிவேட்டுக்காரி.
விசில் ஒன்றையும் பதினான்கு பெயர்களையும்
என் பக்கம் தள்ளினாள்.
கையை இறக்க நேரமில்லை.

தானியக் கிடங்கில் எடை பார்க்கிறவள் நான்.
கோதுமை ரயில் வரும், எண் எழுதுவேன், ரயில் போகும்.
வாழ்நாளில் பந்தைத் தலையால் தொட்டது
ஒரே முறை, அதுவும் பந்தின் விருப்பப்படி.
ஆஃப்சைடு என்பது என்னவென்று
உப்புப் புட்டியும் மிளகுப் புட்டியும் நகர்த்தி நகர்த்தி
சமையலறை மேசையில் மூன்று இரவு படித்தேன்.
பிறகுதான் சொன்னார்கள்,
எட்டு வயதுக்குக் கீழே ஆஃப்சைடே கிடையாதாம்.

மே மாதத்திலும் களத்தின் மூலையில் ஒரு பனிக்குவியல்.
டெஸ்மண்ட் அதைத் தின்றுகொண்டிருந்தான்.
சல்லா கோல் கம்பத்தோடு ஏதோ வழக்காடினாள்.
பென்னி வாபூஸ், பந்து வந்தால்
ஒதுங்கி வழிவிடுவாள்,
அவசரமாய்ப் போகிறவர்களுக்கு விடுவதுபோல.
மீதிப் பேர் ஒரே கொத்து,
பந்து போன திசையே திசை.

முதல் ஆட்டம் ஒன்பதுக்குப் பூஜ்யம்.
அடுத்தது பதினொன்று.
மூன்றாம் வாரம் என் மகன் ஈரோ
காலுறையைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.
"எனக்குப் பிடிக்கலம்மா."
உனக்காகத்தானேடா என்று வாயெடுப்பதற்குள்
டெஸ்மண்டின் ஷூக்கயிறு அவிழ்ந்திருந்தது.
குனிந்து முடிந்தேன்.
மறுகாலும் நீண்டது. பிறகு வேறொருத்தியின் கால்.
நிமிர்ந்தபோது ஈரோ காருக்குப் போயிருந்தான்.
நான் போகவில்லை.

கொசு. கறுப்பு ஈ. ஆரஞ்சுத் துண்டுகள்.
ஏரியிலிருந்து ஜூனிலும் ஊசிக்காற்று.
வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தகப்பன்
எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார், ஊரே கேட்க.
அடுத்த வாரம் அவரிடம் விசிலை நீட்டினேன்.
அவருக்கு அன்றைக்கென்று முதுகுவலி.

ஆகஸ்ட், கடைசி ஆட்டம், ஆறுக்கு ஒன்று.
அந்த ஒன்றும்
எதிரணிப் பையன் தன் கோலிலேயே போட்டுக்கொண்டது.
அழுதவனிடம் சல்லா ஓடிப்போய்
நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
கார்க் கதவு திறந்தது.
கோடை முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால்
கதைப்புத்தகத்தில் இருக்கிறான் என்றே நினைத்திருந்தேன்.
ஈரோவின் கையில் கோடுபோட்ட நோட்டு.
பதினான்கு பெயர்,
ஒவ்வொன்றின் கீழும் குச்சி குச்சியாய் நிமிடங்கள்.
அவன் பெயரின் கீழே இரண்டே வாரம்,
அப்புறம் வெறும் தாள்.

"பென்னிக்கு இன்னைக்கு நாலு நிமிஷம் குறையுது."

களம் காலி.
வேலியோரம் சித்தி பேச்சை முடிக்கட்டும் என்று
பென்னி மட்டும் புல் கிள்ளிக்கொண்டு.
அடுக்கியதில் இரண்டு கூம்பைத் திரும்ப எடுத்து வைத்தேன்.
விசில் ஊதினேன்.
பந்து வந்தது. பென்னி வழிவிட்டாள்.
ஈரோ மணி பார்த்தான்.
"இன்னும் மூணே முக்கால் இருக்கு."