மூன்று நொடி முதுகு

கூடையைத் தலையில் வை, பிளாட்பாரத்தில் நட,
என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்காதே.
அவ்வளவுதான் சொன்னார்கள்.
நானூறு ரூபாய், ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்.

ஆகவே, செங்கோட்டை ஜெயரத்னாவில்
முதல் நாள் இரண்டாம் ஆட்டத்துக்கு
ஊரே தேனருவியனின் கள்ளக் காதலைப் பார்க்கப் போனது.
நான் என் முதுகைப் பார்க்கப் போனேன்.

ஆரியங்காவு குகையை விட்டு
கம்ப்யூட்டர் புகை கக்கிக்கொண்டு வண்டி வந்ததும்
பால்கனியில் ஒரு குரல்:
"ஏ, இது பிராட் கேஜுல்லா!
ஐம்பத்தெட்டுல ஏதுவே பிராட் கேஜு?"
பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சொரிமுத்து
எழுந்தே நின்றுவிட்டார்.
தண்டவாளத்தின் அகலத்தை
இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார்.
அந்த நிழல் போய்
லீலாம்மாவின் கன்னத்தைப் பிடித்தது.
எழுத்தாளர் அவளிடம் முதல்முதலாக
வாய் திறந்த நேரம்.
என்ன சொன்னாரோ, விசிலில் கேட்கவில்லை.

புனலூரிலிருந்து ரெண்டு ஜீப்பில் வந்திருந்தார்கள்.
எங்கள் பக்கம் மூக்கைச் சிந்தும்போது
அவர்கள் பக்கம் சிரிப்பு.
"திருச்சூர்க்காரி பேச்சல்லே இது!
நம்முடெ நாட்டில் யாரு இங்ஙனெ பறயும்?"
போஸ்டாபீஸ் ஜன்னலில் அவள்
தபால்தலையை நாக்கால் நனைத்தபோது மட்டும்
ரெண்டு பக்கமும் ஒரே மூச்சு.
கடலை உடைக்கிற சத்தம்கூட நின்றது.

நூலகம் வேலாண்டி சாருக்குப் பொறுக்கவில்லை.
"நெத்தி நிறைய நீறு பூசுற மனுஷன்!
அவரப் போயி மழையில நனைய விட்டு,
கட்டிப்பிடிக்க விட்டு..."
கதவை அறைந்துவிட்டு வெளியேறினார்.
குடையை மறந்திருந்தார்.
எடுக்க வந்தவர்
குடையை ஊன்றியபடி வாசலிலேயே நின்று
மீதிப் படம் முழுக்கப் பார்த்தார்.

மனைவி நாலு தடவை வந்தாள்.
காப்பி ஆற்றினாள்.
காப்பி ஆற்றினாள்.
விளக்குத் திரியைத் தூண்டினாள்.
கடைசியில், கடிதக் கட்டு வெந்நீர் அடுப்பில் எரியும்போது
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள்.

என் பக்கத்து சீட்டு செய்யதம்மாள்
வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டாள்:
"இந்தப் பொம்பள பேரு என்ன?"

யாரும் சொல்லவில்லை.
பத்து வரிசை திரும்பி வேலாண்டி சாரைப் பார்த்தது.
அந்த வீட்டில் எத்தனை நாள் இலை போட்டுச் சாப்பிட்டவர்.
குடைக் கம்பியைச் சுரண்டினார்.
"அம்மான்னுதான் கூப்பிடுவோம்" என்றார்.
கடைசியில் ஓடிய பெயர்களில்
பச்சை எழுத்தில் இருந்தது:
எழுத்தாளரின் மனைவி.

எனக்குத் தெரியும்.

அன்று நான் திரும்பிப் பார்த்தேன்.
கட் என்று கத்தினார்கள், வைதார்கள்,
மறுபடி நடக்கவிட்டார்கள்.
கேமராவுக்குப் பின்னால்
மூட்டை தள்ளுகிற வண்டியில்
அந்த மனைவி உட்கார்ந்திருந்தாள்,
மாலை விளக்குப் போடும் வரை வேலையில்லாமல்,
பனியில் ஒடுங்கிக்கொண்டு.
சாதம் பிரிக்கும்போது பக்கத்தில் போனேன்.
"அக்கா, உங்க பேரென்ன?"
சொன்னேன்.
"நான் வச்சுக்கிடட்டுமா?
இவளுக்கு ஒண்ணும் எழுதித் தரல.
பேரில்லாம அழுகை வரமாட்டேங்குது."
ஊறுகாயைப் பாதியாய்ப் பிய்த்துக் கொடுத்தாள்.

என் முதுகு மூன்று நொடி வந்தது.
கூடைதான் தெரிந்தது.
ஆனால் அந்த அழுகை வந்தபோது
யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஷேர் ஆட்டோவில் செய்யதம்மாள் விடவில்லை.
"யாருக்குமா தெரியாது? ஒரு பேரு, ஒரே ஒரு பேரு!"
சொன்னேன்.
தொடையில் ஓங்கி அடித்தாள்.
"போளா! அது உன் பேருல்லா!"

டீக்கடை வெளிச்சத்தில் சொரிமுத்து
புனலூர்க்காரர்களை நிறுத்தி வைத்து
இன்னும் அகலம் காட்டிக்கொண்டிருந்தார்.